திருப்பூரிலிருந்து மதினிக்கு

அன்புள்ள மதினிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பேத்திக்குக் காது குத்தியும் ஒரு போட்டோ அனுப்பாமல் இருக்கிறாய். அதை நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியில் புகுந்து சமையலுக்கு இழுத்துவிடுவாய். இது முழுதாகச் சொல்லவேண்டிய விஷயம் என்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பனியன் கம்பெனி லைனில் பேட்லாக் தையல் மிஷின் ஓட்டும் ஒடிசாப் பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? காண்ட்ராக்டர் மூலம் வந்தவள். போன வாரம் அவள் விரலில் ஊசி இறங்கிவிட்டது. நகத்தைத் துளைத்துக்கொண்டு போய் உள்ளேயே ஒடிந்தது. நம் காலத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு அடுத்த பீஸை எடுப்போம். இப்போது ஊசிக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. ஒடிந்த துண்டுகளை எல்லாம் தேடியெடுத்து, பொருத்திப் பார்த்து, டேப் போட்டு நோட்டில் ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். குழந்தைகள் சட்டையில் ஒரு துணுக்கு தங்கிவிட்டால் லாட்டே திரும்பி வந்துவிடும். தேவையான ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நிற்கும்போது சூப்பர்வைசர் டார்ச் அடித்து மிஷினுக்கு அடியில் முனைத்துண்டைத் தேடிக்கொண்டிருந்தான். அது அவள் விரலுக்குள் இருந்தது, மதினி.

செக்கிங் டேபிளை விட்டு எழுந்து போய் நான்தான் அவளை ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தொழிலாளர் காப்பீட்டு எண், அதுதான் இ.எஸ்.ஐ. எண், என்ன என்று கேட்டார்கள். அவளுக்கு அப்படி ஒன்றே இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அதே நாற்காலியில் உட்கார்ந்து தைக்கிறவளுக்கு எண் இல்லை! கம்பெனியைக் கேட்டால் காண்ட்ராக்டரின் ஆள் என்கிறார்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால், மிஷின் கம்பெனியுடையது, அங்கே கேள் என்கிறார். நான் போட்ட சத்தத்தில் அயர்ன் டேபிள்காரர்கள் வரை எழுந்து வந்துவிட்டார்கள். கடைசியில் அன்று மாலையே அவள் பெயரைப் பதிந்து ஒரு தற்காலிக அட்டையைக் கையில் கொடுத்தார்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் துண்டை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். வேலையில் பட்ட காயத்துக்கு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டாம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு 90 சதவீதக் கூலியும் வருமாம். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

இரவில்தான் அந்த அட்டையை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். சேர்ந்த தேதி என்ற இடத்தில் அந்த வாரத்துத் தேதி இருந்தது. இரண்டு வருடத்தை ஒரு கையெழுத்தில் அழித்துவிட்டார்கள்.

இதில் என்ன வந்துவிட்டது, காயம்தான் ஆறிவிடுமே என்று கேட்பாய். அவள் நான்கு மாதக் கர்ப்பிணி. ஒழுங்காகப் பணம் கட்டியிருந்தால் பேறுகாலத்துக்கு 26 வாரச் சம்பளம் முழுதாக வரும். அதற்கு முந்தைய கணக்கில் 70 நாள் சந்தா இருந்தால் போதும். புதிதாகச் சேர்ந்தவள் என்றால் பலன் தொடங்கவே ஒன்பது மாதம் ஆகும் என்கிறது விதி. பிள்ளை ஒன்பது மாதம் காத்திருக்குமா? எங்கள் சங்கத்து ஐயா விரல் விட்டு எண்ணிச் சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் இ.எஸ்.ஐ. கட்டவேண்டிய முதல் பொறுப்பு கம்பெனிக்குத்தான் என்றும் அவரே சொன்னார். அப்படியானால் ஏன் எவருமே கேட்பதில்லை?

காஜா அண்ணன் இருந்திருந்தால் 1984-இல் ஆரம்பித்திருப்பார். பஞ்சப்படிக்காக 127 நாள் ஊரே வேலை நிறுத்தம் செய்த கதையை அவர் எத்தனை முறை சொன்னாலும் நீ மட்டும் வாயைப் பிளந்து கேட்பாய்! அதற்குப் பிறகுதான் முதலாளிகள் வேலையைத் துண்டு துண்டாக வெளியே கொடுக்க ஆரம்பித்தார்கள் என்பார். இன்று ஒரே கூரைக்குள், ஒரே லைனில், பக்கத்துப் பக்கத்து மிஷினில் இருப்பவர்கள் வேறு வேறு ஆளுடைய ஆட்களாக இருக்கிறார்கள். சரக்குக் குறைந்தால் காண்ட்ராக்ட் ஆட்களுக்குத்தான் முதலில் லீவு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அதைக் கண்ணால் பார்த்தேன். ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்டுக்கே சரக்கு இல்லை. அவள் புருஷன் அப்போது தன்பாத் ரயில் ஏறியவர்தான், இன்னும் வரவில்லை. இவள் மகளை வைத்துக்கொண்டு ஒற்றை அறையில் இருக்கிறாள்.

இன்னொன்று கேள், இதுதான் என்னை அதிகம் சுட்டது. அவளுக்காகப் பேசப் போனதற்கு நம் பக்கத்துப் பெண்களே என்னிடம், "வடக்கத்திக்காரிக்காக உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டார்கள். தேனியிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மஞ்சள் பையோடு வந்து இறங்கியவர்கள் கேட்கிறார்கள்! மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு வீடு இல்லை என்று அந்த லைன் வீட்டுக்காரர் கதவைச் சாத்தியதை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்கமாட்டாய். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம், சுமங்கலித் திட்டம் என்று நம் ஊர்ப் பெண்களை மில்லுக்குக் கூட்டிப் போய் ஹாஸ்டலில் அடைத்தார்களே, இன்று அதே மாதிரி ஹாஸ்டல்களில் ஒடிசாப் பெண்களும் ஜார்க்கண்ட் பெண்களும் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியதே, அப்போது ரயில் நிலையத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த பையன்களின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பயம் போக வெகுநாள் ஆயிற்று.

சரி, கோபத்தை விட்டுவிட்டு நல்ல செய்திக்கு வருகிறேன். அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நீ முருகன் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு ஷிப்ட் கணக்கு வைப்பாயே, அச்சாக அதே மாதிரி. முழு ஷிப்டுக்கு ஒரு கோடு, அரை ஷிப்டுக்குப் பாதிக் கோடு, ஞாயிற்றுக்கிழமைக்கு வட்டம். சனிக்கிழமை வாங்கிய கூலி ஓரத்தில். அதற்கும் கீழே, இ.எஸ்.ஐ., பி.எஃப். என்று சொல்லிக் காண்ட்ராக்டர் வாராவாரம் பிடித்த தொகை! சேர்ந்த நாளிலிருந்து ஒரு வாரம் விடாமல் எழுதியிருக்கிறாள். எல்லாம் ஒடியா எழுத்தில். பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மகள் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அம்மா அந்த நோட்டைப் படிக்கப் படிக்க, அவள் தமிழில் எழுதுகிறாள். அந்தக் குழந்தை பேசுகிற தமிழைக் கேட்டால் நீ அசந்துபோவாய்; வாய் நிறைய "ங்க" போட்டுக் கொங்குக்காரியாகவே ஆகிவிட்டாள். இத்தனை வருடத்தில் நமக்கு வராதது! கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கிறது. முதல் வருடக் கணக்கு எழுதி முடிந்துவிட்டது. இரண்டாவது வருடம் பாதியில் நிற்கிறது.

இனி உன்னிடம் கேட்கவேண்டியது. கோயம்புத்தூர் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு மனு எழுதவேண்டும். சேர்ந்த தேதியைத் திருத்தவேண்டும், பிடித்த பணத்துக்குக் கணக்குக் கேட்கவேண்டும். சங்கத்து ஐயா கூட வருகிறார். ஆனால் வாசகம் சட்டப்படி இருக்கவேண்டும் என்கிறார். உன் அண்ணன் மகன் மதுரையில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறான் என்று பெருமையாகச் சொல்வாயே, அவன் எண்ணை உடனே அனுப்பு. நோட்டின் ஒடியாப் பக்கங்களை அப்படியே இணைத்தால் ஏற்பார்களா, இல்லை யாராவது சான்று போட்ட மொழிபெயர்ப்பு வேண்டுமா என்று அவனைக் கேட்டு வை. அவளோடு தைக்கிற இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி போடி பக்கம். எனக்கு வேலை போய்விடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். போனால் போகட்டும், செக்கிங் தெரிந்தவளுக்கு இந்த ஊரில் டேபிளா கிடைக்காது?

பதில் எழுத வேண்டாம், போன் செய். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வீடு வர எட்டு மணி ஆகிவிடும்; அதற்குப் பிறகு கூப்பிடு.

அன்புடன்,
உன் மதினி