ஏரியின் ஒரு கையை மட்டும் விட்டுவையுங்கள்

கொடைக்கானல் நகர்மன்ற உறுப்பினர்களுக்கும் ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் 1863-இல் சதுப்பு நிலத்துக்குக் கரை கட்டித் தேக்கியதுதான் நம் ஏரி. படகுக்காரர், குதிரைக்காரர், வாடகை சைக்கிள் கடைக்காரர், சோளக்கதிர் சுடும் பெண்கள் என்று எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது இந்த ஏரியால்தான். அவர்கள் பிழைப்பில் கைவைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நட்சத்திரம்போல் கைகை­யாக விரிந்திருக்கும் ஏரியில் ஒரே ஒரு கையைப் பறவைகளுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன்.

முக்குளிப்பானைப் பார்த்திருப்பீர்கள், கைப்பிடி அளவுதான் இருக்கும். தலை தெரிகிறதே என்று பார்ப்பதற்குள் முங்கி, வேறெங்கோ எழும். அது கூடு கட்டுவது கரையில் அல்ல, தண்ணீர் மேல். ஈரப்பாசியையும் தண்டுகளையும் குவித்து, நாணலோடு பிணைத்து மிதக்கவிடும். இரை தேடப் போகும்போது முட்டைகளின் மேல் பாசியை இழுத்து மூடிவிட்டுத்தான் போகும். பருந்திடமிருந்து காப்பாற்ற அந்த மூடாக்குப் போதும், துடுப்பிடமிருந்து காப்பாற்றாது. படகு நாணலுக்குள் நுழைந்தால் கூடு அலையில் கவிழ்ந்துவிடும்.

ஆகாயத்தாமரையை அகற்றுங்கள், நல்லதுதான். ஆனால் நாணலையும் சேர்த்து மழித்துவிடக் கூடாது. சரிவிலிருந்து மழையோடு வரும் மண்ணையும் சாணத்தையும் பிடித்து நிறுத்துவது அதுதான். ஏரி நிரம்பி வழியும் நீர்தானே கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாகக் கொட்டுகிறது!

படகு போகாத இடத்துக்குச் சுற்றுலாப் பயணி வரமாட்டார் என்று சிலர் சொல்லலாம். பேரிஜம் ஏரியைப் பாருங்கள். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் அது. படகுச் சவாரி இல்லை. வனத்துறையின் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். ஆனாலும் காட்டுமாட்டையாவது பார்த்துவிட மாட்டோமா என்று காலையிலேயே சீட்டுக்கு வந்து நிற்கிறார்கள்.

செலவும் பெரிதில்லை. ஒதுக்கிய கையின் வாயில் மிதவைக் கயிறு கட்டினால் போதும். அங்கே கரையைச் சிமென்ட் பூசாமல் மண்ணாகவே விடுங்கள். இரவில் விளக்கு வேண்டாம். எந்தக் கை என்பதைப் படகுக்காரர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள். கூடு எங்கெங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த சீசன் தொடங்குமுன் மன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏரிச்சாலையில் தினமும் நடக்கும் ஊர்க்காரன்