சுங்கை லாங் முரசும் மூவார் மணியும்

பந்திங், சிலாங்கூர், மலேசியா

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் முருகேசன் எழுதுவது. நான் நலம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று தம்பி சொன்னான். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள். உலைப் பக்கம் தலை காட்டக் கூடாது. காட்டினால் அம்மா எனக்குச் சொல்லிவிடுவார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் எதை ஆரம்பித்தாலும் "சரி, சாப்பிட்டாயா?" என்று கேட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். தம்பியை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். முரசு வரும் இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கட்டும்.

பந்திங்கைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனை. ஒரு காலத்தில் பால்மரமாக, அதாவது ரப்பராக, இருந்த தோட்டங்களெல்லாம் இப்போது செம்பனைக்கு மாறிவிட்டன. முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் குலைகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் விடியற்காலையிலேயே ஆலைக்குப் போகின்றன. குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்துக்காரர்களும். நம் ஆட்கள் லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டு டவுனுக்கு வந்து வெகு காலமாகிறது. ஆடித் திருவிழாவுக்கு மட்டும் பழைய தோட்டத்து மாரியம்மனைத் தேடிப் போகிறார்கள். எங்கள் பட்டறையில் பாதி நாள் கோயில் வேலை: கவசம், திருவாசி, அறுந்த மணி நாக்கு. மீதி நாள் அந்த லாரிகளுக்கு வெல்டிங். நீங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. வெல்டிங்தான் சோறு போடுகிறது, அப்பா.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தங்கையா அண்ணன் தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டி, கடைசியில் தண்டலாக, ஆட்களை மேய்க்கிற கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் இரவு பேசிக்கொண்டிருந்தபோது, உங்கள் தொழில் மணி வார்ப்பது என்று சொன்னேன். "அப்படியானால் எங்கள் சுங்கை லாங் அண்டாவை நீ பார்க்க வேண்டும்" என்றார். 1964-இல் அவர் பள்ளிக்கூடத்துப் பையன். பந்திங்குக்குப் பக்கத்திலிருக்கும் சுங்கை லாங் கம்பத்தில் (கிராமத்தை இங்கே கம்பம் என்பார்கள்) மண்மேட்டுக்குள் இரண்டு பெரிய உலோகச் சாமான்கள் கிடைத்தன என்று தோட்டமெல்லாம் பேச்சாம். புதையல் என்றார்கள், பூதம் காத்தது என்றார்கள். கிடைத்தவை அண்டா அல்ல, வெண்கல முரசுகள். ஒரு மரப்பலகைமேல் அவற்றை வைத்து, மேலே மண்ணைக் குவித்து மேடாக்கியிருக்கிறார்கள். அந்தப் பலகை படகிலிருந்து வந்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கண்ணாடிப் பாசிமணிகளும் உடன் கிடைத்தன. இவ்வளவு பேசியும் அண்ணன் அதை நேரில் பார்த்ததே இல்லை. "வாழ்நாளெல்லாம் பக்கத்தில் இருந்தோம், அது கோலாலம்பூர் போய் உட்கார்ந்துகொண்டது" என்று அலுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டோம். பட்டறை முதலாளியின் பையனும் ஒட்டிக்கொண்டான். அவனுக்கு வெண்கல வாள் பார்க்க வேண்டும்.

கிள்ளான் வரை பஸ், அங்கிருந்து ரயில். ரயிலை விட்டு இறங்கினால் தேசிய அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான். 1963-இல் திறந்த கட்டடம். கூரை இரு முனையிலும் கொம்பு போல் எழும்பி நிற்கிறது. அதே இடத்தில் முன்பு இருந்த அருங்காட்சியகத்தில் போரின் கடைசி வருடமான 1945-இல் குண்டு விழுந்ததாம். டிக்கெட்டில் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை. அண்ணன் அதற்காகக் கவுன்டரில் சண்டைக்கே போய்விட்டார். நான் இழுத்துக்கொண்டு போனேன்.

கல் கோடரிகளையும், பேராக் குகையில் கிடைத்த பத்தாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட மனிதரையும் சீக்கிரம் கடந்துவிட்டோம். பையன் வாளைத் தேடிக்கொண்டே இருந்தான். வெட்டுகிற, குத்துகிற சாமான்கள் இருந்த இடத்தில் துரு ஏறிய இரும்புதான் கிடந்தது. காம்பு செருகத் துளையிட்ட நீளமான இரும்புக் கருவிகளை இங்குள்ள மலாய்க்காரர்கள் ஏதோ குரங்கின் எலும்பு என்று நம்பி வந்தார்களாம். பையனுக்கு ஏமாற்றம். எனக்கு எழும்பூர் நினைவு வந்துவிட்டது. சோழர் சிலைகளைக் காட்ட என்னைச் சென்னைக்கு அழைத்துப் போனீர்களே, அப்போது ஆதிச்சநல்லூர்ச் சாமான்கள் முன்னாலும் நின்றோம். நூறு வருடத்துக்கு முன்னால் அலெக்சாண்டர் ரியா தோண்டி எடுத்தவை. வாளும் வேலும் இரும்பு; எருமையும் சேவலும் நிற்கிற அழகான மூடிகள் வெண்கலம். இங்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. இந்த மலாய்த் தீபகற்பத்தில் வெண்கலத்துக்கென்று தனியாக ஒரு காலம் இல்லை. ஏறக்குறைய 2,500 வருடங்களுக்கு முன் வெண்கலமும் இரும்பும் சேர்ந்தே வந்தன. வெண்கலக் கோடரி இல்லாமல் இல்லை. பேராக்கில் லெங்கோங் பக்கத்துக் குகையில் கிடைத்திருக்கிறது. ஆனால் வெட்டுக் குத்துக்கு இரும்பு கைக்கு வந்த பிறகு, அருமையான வெண்கலத்தை ஓசைக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பிள்ளை வேறு எப்படி நினைப்பான்!

இப்போது முரசு. வடக்கு வியட்நாமின் தோங் சோன் என்ற ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் வகை. தோல் கிடையாது, அடிக்கிற முகமும் வெண்கலம்தான். முகத்தின் நடுவில் கதிர் விரிந்த நட்சத்திரம், அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கோலம். தோள் உப்பி, இடை ஒடுங்கி, அடி மறுபடி விரிகிறது. களிம்பேறிப் பச்சையாகி, அரித்துப் போயிருந்தாலும் வார்த்தவனின் கை தெரிகிறது. தகடு எவ்வளவு மெல்லியது என்கிறீர்கள்! நம் பட்டறையில் அந்தக் கனத்தில் அந்த அளவுக்கு வார்க்கச் சொன்னால் பெரியப்பா மூசையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இந்த வகை முரசுகளை ஆராய்ந்தவர்கள், உலோகத்தில் செம்பு, வெள்ளீயத்தோடு காரீயமும் தாராளமாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். காரீயம் சேர்ந்தால் குழம்பு இளகி, நுணுக்கமான கோலத்துக்குள்ளும் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கோயில் மணிக்குக் காரீயம் கலந்தவனை நீங்கள் விரட்டியதும் எனக்கு மறக்கவில்லை.

அண்ணன் கண்ணாடியில் மூக்கு படாத குறையாக நின்றார். "இதையா பூதம் காத்தது" என்று அவருக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். காவலர் வந்து தள்ளி நிற்கச் சொல்லும்வரை நகரவில்லை.

தெற்கே ஜொகூரில், மூவார் பக்கம் கிடைத்த மணி இன்னொரு அதிசயம். கிள்ளானிலும் இந்த மாதிரி கிடைத்திருக்கிறது. கம்போடியாவில் பட்டம்பாங் பக்கமும் உண்டு. வாய் வட்டமாக இல்லாமல், இரு பக்கமும் அமுக்கியது போல் நீள்வட்டம். உடம்பெல்லாம் சுருள் சுருளாக வேலைப்பாடு. நாக்கு இல்லை, வெளியிலிருந்துதான் அடித்திருக்க வேண்டும். அமுங்கிய வாயுள்ள மணிக்கு, அடிக்கிற இடத்தைப் பொறுத்து ஓசை மாறும் என்று நீங்கள் ஒரு முறை சொல்லியிருக்கிறீர்கள். அடித்துப் பார்க்க யார் விடுவார்கள்?

திரும்பும்போது ரயிலில் எனக்கு ஒரே எரிச்சல். நம் ஊரில் வெள்ளீயம் கிலோ என்ன விலை விற்கிறது, அரைக் கிலோவுக்கு நீங்கள் எப்படிக் கணக்குப் பார்ப்பீர்கள்! இங்கே அது ஆற்று மணலில் கிடந்த சாமான். கோலாலம்பூர் பிறந்ததே 1857-இல் அம்பாங் பக்கம் ஈயம் தோண்ட வந்த சீனர்களால்தான். உலகத்துக்கே அதிகமாக ஈயம் அனுப்பிய நாடு இது. 1985-இல் விலை சரிந்த பிறகு சுரங்கங்கள் வரிசையாக மூடின. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டது. ஒன்றில் நீர் விளையாட்டுப் பூங்காவே கட்டிவிட்டார்கள். ஈயம் இவ்வளவு இருந்தும் பெரிய முரசு வடக்கேயிருந்து கப்பலேறி வந்திருக்கிறது என்கிறார்கள். இதைச் சொன்னதும் தங்கையா அண்ணன் சிரித்தார். "நாங்களும் பாலை வெட்டி அனுப்பினோம், டயரைக் காசு கொடுத்து வாங்கினோம்" என்றார்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: ஈயச்சொம்பு கேட்டிருந்தார். இங்கே ஈயத்தில் பளபளவென்று குவளையும் தட்டும் விற்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ரசம் வைக்கிற சொம்பு கும்பகோணத்தில்தான் வாங்க வேண்டும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து உருக்கிவிடாமல் இருந்தால் சரி.

ஐநூறு வெள்ளி (ரிங்கிட்) தம்பி கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். முந்நூறு மருந்துக்கு, மீதி கூரை ஓட்டுக்கு. வைகாசிக்குள் வர முடியுமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த வகை முரசுகளின் உடம்பில் அங்கங்கே சின்னச் சதுரத் தழும்புகள் இருக்குமாம். உள்மண்ணும் வெளி அச்சும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் உலோகத் துண்டுகளைச் செருகியதன் அடையாளம் என்கிறார்கள். நாம் மணி வார்க்கும்போது உள்மண்ணை அடியில் மட்டும்தானே பிடித்து நிறுத்துகிறோம்? பெரிய மணிக்குத் தாத்தா காலத்தில் இப்படித் துண்டு வைத்தது உண்டா? வைத்தால் குழம்பு பட்டதும் துண்டு உருகிக் கலந்துவிடாதா? பெரியப்பாவையும் கேட்டு, தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அண்ணனும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்பு மகன்,
முருகேசன்