மூன்று நாள் முகாமுக்குப் பிறகு: ஆப்பிரிக்கப் பயிற்சித் திட்டங்களுக்கு நிதி தரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஆப்பிரிக்கக் குடும்பங்கள் பிறர் கையை எதிர்பாராமல் வாழ வேண்டும் என்று, மூன்று நாள் முகாம்களாக நடக்கும் வேளாண்மைப் பயிற்சிக்கும் சிறுதொழில் பயிற்சிக்கும் ஆண்டுதோறும் நன்கொடை அனுப்பிவரும் நீங்கள், அதற்கு வரும் அறிக்கைகளையும் என்னைப் போலவே படித்திருப்பீர்கள். எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற எண்ணிக்கையும், சான்றிதழைப் பிடித்தபடி வரிசையாக நிற்கும் பெண்களின் படமும் அவற்றில் தவறாமல் இருக்கும். அவர்கள் அடுத்த விதைப்புக்கு விதை வாங்கினார்களா, விளைந்ததை எப்போது, என்ன விலைக்கு விற்றார்கள் என்ற செய்தி இருக்காது. அந்தக் குறையைப் பற்றியே இம்மடல்.

மேற்குக் கென்யாவின் புங்கோமா பகுதியில் மக்காச்சோளம்தான் உழவர் வீட்டு உணவு; பெரும்பாலும் வருமானமும் அதுவே. அதன் மாவைக் கிளறிச் செய்யும் உகாலி நம் களிக்கு நெருங்கிய உறவு. அறுவடை முடிந்த கையோடு செலவுகள் கழுத்தை நெரிப்பதால் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்கிறார்கள், விலை விழுகிறது. சில மாதங்களில் வீட்டில் தானியம் தீர்ந்ததும், பலர் அதே மக்காச்சோளத்தைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். விலை ஏறும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும், அதை எந்த முகாமும் சொல்லித்தர வேண்டியதில்லை. காத்திருக்கக் கையில் காசு இல்லை, அவ்வளவுதான். சிறு உழவர்களுக்கு விதையும் உரமும் கடனாகத் தரும் ஒன் ஏக்கர் ஃபண்ட் என்ற தொண்டு அமைப்பைச் சேர்ந்தவர்களுக்கு அறுவடைக் காலத்தில் கடன் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. கடன் பெற்றவர்கள் தானியத்தைச் சேமித்து வைத்து, விலை ஏறிய பின் விற்று ஆதாயம் கண்டார்கள். பலர் கடன் பெற்ற இடங்களில் உள்ளூர்ச் சந்தையின் விலை ஏற்ற இறக்கமே சற்றுத் தணிந்தது. ஆனால் நாம் ஏற்கும் விண்ணப்பங்களில் பயிற்சியாளரின் ஊதியம் இருக்கிறது, மண்டப வாடகை இருக்கிறது, மதியச் சாப்பாடு இருக்கிறது; அறுவடை மாதத்துக்கென்று ஒரு வரிகூட இல்லை.

பயிற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்வோரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. கணக்கு எழுதுதல், சந்தைப்படுத்தல் போன்ற வழக்கமான பாடங்களைப் படித்த குழுவின் லாபம், பயிற்சி பெறாதவர்களைவிடச் சுமார் 11 சதவீதமே கூடுதலாக இருந்தது, அதையும் உறுதியாக ஏற்கும் அளவுக்குச் சான்று போதவில்லை. வாய்ப்பைத் தானே தேடுவது, பிறர் விற்காததை யோசிப்பது, தடை வந்தால் மாற்று வழி காண்பது என்று தன்முனைப்பைப் பயிற்றுவித்த குழுவின் லாபமோ சுமார் 30 சதவீதம் உயர்ந்தது. ஆகவே பாடத்திட்டத்தை வாங்கிப் படிக்காமல் பணம் அனுப்புவதை நாம் நிறுத்த வேண்டும். நானும் அப்படி அனுப்பியவர்களில் ஒருத்திதான்.

பரம ஏழைகளுக்கு இது கூடப் போதாது. வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002-இல் தொடங்கிய முறையில், ஆடு போன்ற ஓர் உடைமை, சில மாதங்களுக்கு உணவுச் செலவு, பயிற்சி, சேமிப்பு, வீடு தேடி வரும் ஆலோசகர் ஆகிய அனைத்தும் ஒன்றாகத் தரப்படும். எத்தியோப்பியா, கானா உட்பட ஆறு நாடுகளில் இதைச் சோதித்தபோது, உதவி நின்று ஓராண்டுக்குப் பிறகும் குடும்பங்களின் நிலை முன்னைவிட மேம்பட்டே இருந்தது. கானாவில் ஆட்டை மட்டும் கொடுத்தும் பார்த்தார்கள். அதனால் அந்த அளவுக்கு நிலைத்த பயன் விளையவில்லை. ஆட்டுக்கு முன்னால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது நம் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரிந்த கணக்கு.

யார் கற்பிக்கிறார்கள் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புர்கினா ஃபாசோவில் வறண்டு இறுகிய மண்ணில் குழி தோண்டி எருவிட்டு விதைக்கும் ‘ஸாய்’ என்ற பழைய முறையை மேம்படுத்தியவர் யகூபா சவடோகோ என்ற உழவர். அண்டை ஊர் உழவர்களைத் தன் நிலத்துக்கு அழைத்துச் சந்தை நாள் நடத்தி, விதைகளோடு அறிவையும் பரிமாறிக்கொள்ளச் செய்த அவருக்கு, ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 2018-இல் கிடைத்தது. கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ம்பிட்டாவின் பூச்சியியல் ஆய்வு நிலையம் உருவாக்கிய ‘தள்ளு–இழு’ முறையையும் பாருங்கள். மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே நடும் டெஸ்மோடியம் என்ற தீவனச் செடி, பயிரின் தண்டைத் துளைக்கும் புழுவின் தாய்ப்பூச்சியை விரட்டும், வயலைச் சுற்றியுள்ள நேப்பியர் புல் அதைத் தன்பால் இழுக்கும். நம் சோளக் கொல்லைகளில் சுடுமல்லி என்று சொல்லும் களையின் இனமான ஸ்ட்ரைகாவையும் டெஸ்மோடியம் அடக்கிவிடும், இரண்டு செடிகளும் மாட்டுக்குத் தீவனமும் ஆகும். ஆனால் இரண்டுமே பல்லாண்டுப் பயிர்கள். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகைக் குடும்பம் அவற்றை ஏன் நட வேண்டும்? இந்தக் கேள்வியை நேரில் கேட்கக்கூடியவர் பக்கத்து வயல்காரர்தான்.

கடனுக்கு வெளிப்பணம்தான் வேண்டும் என்றும் இல்லை. நைஜரின் மராடி பகுதியில் 1991-இல் கேர் என்ற பன்னாட்டு உதவி அமைப்பின் துணையோடு தொடங்கிய பெண்கள் சேமிப்புக் குழுக்கள், உறுப்பினர்களின் சிறுதொகைகளைத் திரட்டி அவர்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, வட்டியோடு பகிர்ந்துகொண்டன. பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய இம்முறையில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள், மூன்று சாவிகளும் மூன்று பெண்களிடம். மகளிர் குழுக்களை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனவே, அடுத்த நிதியாண்டுக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் முன், முகாம் நாட்களோடு விதைப்பு, களையெடுப்பு, அறுவடை, விற்பனை ஆகிய மாதங்களில் குடும்பத்துக்கு என்ன துணை கிடைக்கும் என்பதை எழுதித்தரும்படி ஒவ்வோர் அமைப்பிடமும் கேட்க வேண்டுகிறேன். பதினெட்டு மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மீண்டும் சென்று பார்க்கும் செலவையும் நாமே ஏற்க வேண்டும். அதனால் பயனாளிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் எனக்குச் சம்மதமே. சான்றிதழ்ப் படங்களை இனி அனுப்ப வேண்டாம் என்றும் அவர்களிடம் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு நன்கொடையாளர்