பேர் போட வேண்டாமெண்ட அக்காவுக்கு

போன தை மாசம் வவுனியாவில இருந்து திருகோணமலைக்கு மாறி வந்தம். 15 வயசு மகன், ஒருத்தரோடையும் கதைக்காமல் அறைக்குள்ளேயே கிடந்தான்.

டச்சுபே கடற்கரையில பந்தடிச்சுப்போட்டு வாற பெடியளை, காலெல்லாம் மண்ணோட, நீங்கள்தான் குசினி வரைக்கும் கூப்பிட்டு இருத்தினீங்கள். பாண், இடிச்ச சம்பல், பிளேன்ரீ. முதல் நாளே "தம்பி, உறைப்புக் காணுமோ?" எண்டு கேட்டீங்களாம். அதை அவன் வீட்டை வந்து மூண்டு தரம் சொன்னான். இப்ப அவனுக்கெண்டு அங்க ஒரு நீலக் கோப்பையும் இருக்காம்!

கோட்டை வாசலில மான் பாத்துக்கொண்டு நிண்டு பிந்தினால், நான் தேட முதலே போன் எடுத்துச் சொல்லுவீங்கள். தாய் மனசுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்.

நன்றி அக்கா. நேற்று அவன் நாலு பெடியளை எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். நானும் சம்பல் இடிச்சன்.