துவைகல்லுக்குப் பக்கத்தில் வீரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கொல்லைக்கென்று நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். புல்தரை, வெள்ளைக் கூழாங்கல், நடுவில் ஒரு புத்தர். அழகுதான். ஆனால் சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் அப்பளம் பொரிக்கலாம். புல்லுக்கு இறைத்தே நம் கிணறு வற்றிவிடும்.

என் மனசில் இருப்பது கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு. உனக்கு முதல் மொட்டை போட்டோமே, அங்கேதான். வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலை கொதிக்கும். காட்டுக்குள் பத்தடி போனால் உடம்பு குளிர்ந்துவிடும். வீரை, காயா, உலக்கைப்பாலை, மேலே பின்னிக்கிடக்கும் கொடிகள். நம் கடலோரத்தின் சொந்த மரங்கள். தடித்த சின்ன இலை. ஐப்பசி, கார்த்திகை மழையை வைத்துக்கொண்டே வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். போன பங்குனியில் காயா பூத்திருந்தது. பழைய குச்சியை ஒட்டியே ஊதா நீலக் கொத்து. பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று கேட்டிருக்கிறேனே ஒழிய, பூவை உற்றுப் பார்த்தது இந்த 68 வயசில்தான்.

அங்கே ஒரு குச்சி ஒடிக்க மாட்டார்கள். அதனால் கன்றுகளை நாற்றங்காலில் வாங்கினேன். 2011 ‘தானே’ புயலில் நம் கொல்லைச் சவுக்கு படுத்துப்போன அதே இடத்தில், நாலடிக்கு ஒன்றாக, வரிசை பார்க்காமல் நட்டிருக்கிறேன். வரிசையில் நட்டால் அது தோப்பு. வீரை ஆமை வேகம். இன்னும் என் முழங்காலைத் தாண்டவில்லை. அது நிழல் தரும்போது நான் இருப்பேனோ என்னவோ.

பாதையைப் பலாவைச் சுற்றி வளைத்துவிட்டேன். உட்காரும் இடம் வீட்டிலிருந்து தெரியாது, டிவி சத்தமும் எட்டாது. அங்கே போட்டிருப்பது கிணற்றடித் துவைகல். வாஷிங் மெஷின் வந்த பிறகு சும்மா கிடந்தது.

சண்டையெல்லாம் சருகில்தான். மக்கட்டும், ஈரம் காக்கும் என்கிறேன் நான். பாம்பு வரும் என்று தினம் துடைப்பத்தோடு நிற்கிறாள் உன் அம்மா. கடைசியில் பலா வரை அவள் பெருக்குவது, அதற்கப்பால் தொடக்கூடாது என்று ராசியானோம்.

நேற்று சாயங்காலம் ஆளைக் காணோமென்று தேடிப்போனேன். துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள், துடைப்பம் மடியில். நான் கூப்பிடவில்லை.

பொங்கலுக்கு வரும்போது சிலை எதுவும் வாங்கி வராதே. இரண்டு குழி வெட்டி வைத்திருக்கிறேன், உன் கையால் உலக்கைப்பாலை நடு. தண்ணீர் நான் ஊற்றிக்கொள்கிறேன்.

அப்பா