தெர்னோபிலிலிருந்து பொங்கலன்று

தெர்னோபில், உக்ரைன்
14 ஜனவரி 2018

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நலம். அப்பா, அப்பத்தா, அக்கா, தம்பி எல்லோர் நலமும் அறிய ஆவல். உன் லெட்டர் வந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் பேசினால் அப்பத்தாவுக்குக் காது கேட்கவில்லை, லெட்டர் என்றால் தம்பி வாசித்துக் காட்டுவான் என்று எழுதியிருந்தாய். உடனே பதில் எழுதாதது என் தப்புதான். கோபித்துக்கொள்ளாதே.

நான் இருப்பது அணு உலை வெடித்த ஊர் என்று பெரிய மாமா சொல்கிறாராமே, அவர் சொல்வது செர்னோபில். 1986-இல் அணு உலை வெடித்தது அங்கே. இது தெர்னோபில். அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி மேற்கே இருக்கிறது. பயப்படாதே. காலேஜுக்கு இப்போது நடந்தே போகிறேன். நடந்தால் குளிர் தெரிவதில்லை.

கீழ்வீட்டுப் பாட்டி தொப்பி இல்லாமல் என்னைப் பார்த்துவிட்டால் படியிலேயே நிறுத்தித் திட்டுவார். ஒருநாள் வாசலில் நின்றபடி அவர் கிண்ணத்தைத் திருப்பி நீட்டினேன். வாங்கவே இல்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்து, அப்புறம்தான் வாங்கினார். நிலைப்படிக்குக் குறுக்கே எதையும் கொடுக்கக் கூடாதாம். அப்பத்தாவிடம் இதைக் கட்டாயம் சொல்.

இங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7. முதல்நாள் ராத்திரி கீழ்வீட்டுப் பாட்டி வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கறி, பால் எதுவும் சேர்க்காமல் 12 வகை. முதலில் குத்யா. வேகவைத்த கோதுமையில் தேனும் வால்நட்டும் கசகசாவும் போட்டது. இந்த ஊர்க் கசகசா கறுநீலமாக இருக்கிறது. உள்ளே வரிவரியாக இருக்கும் மண்சட்டியில் அதை நான்தான் அரைத்துக் கொடுத்தேன். மேசையில் யாரும் உட்காராத இடத்தில் ஒரு தட்டு வைத்தார்கள். இறந்துபோனவர்களுக்காம். தாத்தாவுக்கு நீ போடும் படையல் இலை ஞாபகம் வந்துவிட்டது.

சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்குப் போகிறேன் என்று சொன்னேனே, மருந்து கொடுக்கிற வேலை இல்லை. படம் வரைவது, ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான். ஜன்னலோரக் கட்டில் பையனுக்கு எட்டு வயது. அவன் அப்பா கிழக்கே சண்டையில் இருக்கிறார். 2014-இல் தொடங்கிய சண்டை, இன்னும் ஓயவில்லை. என் உச்சரிப்பைத் திருத்துவது அவன்தான்.

இன்று இவர்களுக்குப் பழைய காலண்டர்படி வருஷப் பிறப்பு. விடிந்ததும் பையன்கள் வீடு வீடாகப் போய்க் கோதுமை தூவி வாழ்த்துவார்கள். வார்டில் தானியம் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அதனால் நேற்று பிள்ளைகளோடு உட்கார்ந்து மஞ்சள் காகிதத்தை நெல் அளவுக்கு வெட்டினோம். ஞாயிறாக இருந்தாலும் இன்று போனேன். அந்த ஜன்னலோரப் பையனுக்கு வலது கையில் சலைன். நான் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வர, இடது கையால் ஒவ்வொரு கட்டிலாகத் தூவினான். "சீயு, சீயு, பொசிவாயு." விதைக்கிறேன், விதைக்கிறேன் என்று அர்த்தம். கூட்டுகிற அம்மா மதியம்வரை துடைப்பத்தைத் தொடவில்லை.

நீங்கள் ஏழரைக்குப் பானை வைத்திருப்பீர்கள். அப்போது இங்கே விடிகாலை நாலு மணி. முழித்துத்தான் கிடந்தேன். யார் குலவை போட்டது அம்மா, அப்பத்தாவா? பால் எந்தப் பக்கம் பொங்கியது? அடுத்த பொங்கலுக்காவது வாசலில் உன் பக்கத்தில் நிற்கவேண்டும்.

சரி, வீட்டு விஷயம். பேங்கில் வைத்த உன் சங்கிலிக்கு மாசிக்குள் வட்டி கட்டிவிடு. இந்த மாதம் எனக்குப் பணம் அனுப்பாதே, கையில் இருக்கிறது. ஃபீஸ் மார்ச்சில் கட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள், சித்தப்பாவிடம் கேட்கவேண்டாம். கம்பத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுக்கும் முன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள். அவள் உன் முகத்துக்காகத் தலையாட்டிவிடுவாள். கிணற்று மோட்டாரைப் பழைய ஆளிடமே காயில் கட்டக் கொடுக்காதீர்கள், போன தடவை ஒரு மாதம்கூட ஓடவில்லை. காகித விதை கொஞ்சம் இதோடு வைத்திருக்கிறேன். அப்பத்தா கையில் கொடு.

உன் அன்பு மகள்