ஜூரிக் கூலியைப் பற்றி கலிபோர்னியா சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எனக்கு மறுபடியும் ஜூரி டியூட்டிக்கு, அதாவது கோர்ட்டில் வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பன்னிரண்டு குடிமக்களில் ஒருவராக உட்கார, சம்மன் வந்திருக்கிறது. வராமல் இருந்தால் 1,500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம் என்று எச்சரிக்கிறார்கள். வந்தால் என்ன கிடைக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். முதல் நாளுக்கு ஒன்றும் இல்லை, இரண்டாம் நாளிலிருந்து நாளுக்கு 15 டாலர். ஆக, ஒரு தடவை வராமல் போனதற்கான அபராதம் நூறு நாள் ஜூரிக் கூலி. இந்தக் கணக்கை யார் போட்டார்களோ, அவர்கள் ஒருநாளும் ஜூரியில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அந்த 15 டாலரை நிர்ணயித்தது 2000-ஆம் ஆண்டில். அப்போது இந்த மாநிலத்தில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 5.75 டாலர். அன்றைக்கு அது இரண்டரை மணி நேரக் கூலி. இன்று குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16 டாலரைத் தாண்டிவிட்டது. பர்கர் கடையில் ஒரு மணி நேரம் நின்றால் கிடைப்பதைவிடக் குறைவாகக் கொடுத்து, ஒரு மனிதன் ஆயுள் முழுக்கச் சிறையில் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று நாள் முழுவதும் யோசிக்கச் சொல்கிறீர்கள்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாளிலிருந்தே, மாநிலத்தின் எல்லாக் கவுண்டிகளிலும் (நம் ஊர் மாவட்டங்கள் மாதிரி), ஜூரருக்கு நாளுக்கு 100 டாலர் கொடுங்கள். இது நான் புதிதாகக் கண்டுபிடித்த தொகை அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் 2022-இல் குறைந்த வருமானம் உள்ள ஜூரர்களுக்குச் சோதனையாகக் கொடுத்துப் பார்த்த அதே தொகைதான்.

நான் வீட்டிலேயே சின்னதாக டே கேர் நடத்துகிறேன். ஆறு குழந்தைகள். மாநில லைசென்ஸ் உண்டு. அந்த லைசென்ஸின் விதிப்படி, குழந்தைகள் இருக்கும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்காவது நான் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். தெரிந்தவர் யாரையாவது உட்கார வைத்துவிட்டுப் போகவும் முடியாது. உதவிக்கு வருகிறவர் கைரேகை கொடுத்து, போலீஸ் பதிவுகளைச் சரிபார்த்து, அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நல்ல விதி. நானும் என் பிள்ளையை அப்படிப்பட்ட இடத்தில்தான் விட்டிருப்பேன். ஆனால் வீட்டில் இரு என்று சொல்வதும் கலிபோர்னியா மாநிலம்தான், கோர்ட்டில் இரு என்று சொல்வதும் அதே மாநிலம்தான். இரண்டு உத்தரவுக்கும் நடுவில் நிற்கிறவளுக்குப் பதினைந்து டாலர். அதுவும் இரண்டாம் நாளிலிருந்து.

கூலியைவிடவும் என்னை அதிகம் படுத்தியது அந்த ஐந்து மணி. சம்மனில் ஒரு வாரத்தைச் சொல்லி, ஒரு குழு எண்ணும் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் இணையத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நம் குழுவைத் திங்கள்கிழமைக்குக் கூப்பிட்டிருந்தால் காலையில் ஆஜராக வேண்டும். கூப்பிடவில்லை என்றால், திங்கள் மாலை ஐந்து மணிக்கு மறுபடியும் பாருங்கள் என்று இருக்கும். அப்புறம் செவ்வாய், புதன். ஆபீஸில் வேலை பார்ப்பவருக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் முடிந்தது. என் கதை வேறு. நாளைக்கு டே கேர் உண்டா இல்லையா என்பது இன்று மாலை ஐந்து மணி வரை எனக்கே தெரியாது. அந்த நேரத்தில்தான் அம்மாக்களும் அப்பாக்களும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வாசலில் வந்து நிற்பார்கள். நான் கையில் போனை வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் இருங்க, பக்கம் இன்னும் மாறலை" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒரு குழந்தையின் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் ஷிப்டை மாற்ற வேண்டுமென்றால் முன்னாடியே சொல்ல வேண்டும். இன்னொரு குழந்தையின் அப்பா கிடங்கில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு நாள் வராவிட்டால் ஒரு புள்ளி, இத்தனை புள்ளி சேர்ந்தால் வேலை போய்விடும். அவரிடம் ஐந்தரை மணிக்கு நான் என்ன சொல்வது? "நாளைக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்றா? அந்த வாரத்தில் சிலர் என்னை நம்பாமல் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. என் குழுவைக் கூப்பிடாத நாட்களிலும் அந்தக் குழந்தைகள் வரவில்லை, பணமும் வரவில்லை. கூப்பிடாத நாளுக்கு உங்கள் சட்டத்தில் ஒரு சென்ட்கூடக் கிடையாது. நான் வீட்டில்தானே இருந்தேன், என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள்.

முன்கூட்டியே விலக்குக் கேட்டிருக்கலாமே என்றும் கேட்பீர்கள். கேட்டேன். ஒரு தடவை தள்ளிப்போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த தடவை, வந்து நீதிபதியிடம் நேரில் சொல்லுங்கள் என்றார்கள். போனேன். பெரிய ஹாலில் உட்கார வைத்து ஒரு வீடியோ போட்டார்கள். ஜூரர்கள்தான் நீதியின் அடித்தளம், நாங்கள் இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது என்று அதில் எல்லோரும் மாற்றி மாற்றிப் புகழ்ந்தார்கள். மிக்க மகிழ்ச்சி. அப்புறம் எங்களை ஒரு கோர்ட் அறைக்கு அழைத்துப் போனார்கள். வழக்கு மூன்று வாரம் நடக்கும் என்றார் நீதிபதி. மரியாதையான மனிதர். யாருக்கெல்லாம் கடுமையான சிரமம் இருக்கிறதோ அவர்கள் இந்தப் படிவத்தை நிரப்பி வரிசையில் வாருங்கள் என்றார்.

அந்த வரிசையைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நெயில் சலூனில் வேலை பார்க்கும் வியட்நாம் அம்மா ஒருவர். கூரை போடும் வேலைக்குப் போகிறவர். ஊபர் ஓட்டுகிறவர். வீடுகளுக்குப் போய்ச் சுத்தம் செய்கிற பெண்கள் இருவர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். சின்ன சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். அப்புறம் நான். ஒவ்வொருவராகப் போய், மாதத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறோம், வாடகை எவ்வளவு, மூன்று வாரம் இல்லையென்றால் என்ன ஆகும் என்று முன்பின் தெரியாதவர்கள் காதில் விழச் சொன்னோம். நீதிபதி எங்களில் பெரும்பாலானவர்களை அனுப்பிவிட்டார். அவர் செய்தது கருணைதான், அதில் சந்தேகமில்லை. வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். மீதி இருந்தவர்கள் யாரென்று கேள்வி கேட்காமலே சொல்லிவிடலாம். ஜூரியில் இருக்கும் நாட்களுக்கும் சம்பளம் கொடுக்கிற பெரிய கம்பெனிக்காரர்கள், அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள். குற்றம் சாட்டப்பட்ட பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் வீட்டிலும் யாராவது எங்கள் வரிசையில் நிற்கிற வேலைதான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்களைப் போல வாழ்கிற ஒருவர்கூட அந்தப் பன்னிரண்டு பேரில் இருக்கப் போவதில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2022 முதல் குற்ற வழக்குகளில் ஒரு நல்ல சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் போட்டதுதான். ஒருவருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை, வேறு மொழி பேசுகிறார், நிலையான வேலை இல்லை, சரியான வருமானமுள்ள வேலை இல்லை என்றெல்லாம் காரணம் காட்டி வக்கீல்கள் ஒரு ஜூரரை நீக்க முயன்றால், அந்தக் காரணம் செல்லாது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் எங்களை நீக்க எந்த வக்கீலும் சிரமப்பட வேண்டியதே இல்லையே! வக்கீல் வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் பதினைந்து டாலர் எங்களை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறதே. அதே 2022 முதல் ஜூரர் பட்டியலுக்கு வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் டிஎம்வி துறையின் பட்டியல் இரண்டோடு வருமான வரி கட்டுவோர் பட்டியலையும் சேர்த்தீர்கள். எல்லாத் தரப்பு மக்களும் வர வேண்டும் என்றுதானே? வந்தோம். வந்த வேகத்தில் திரும்பினோம்.

பயணப்படியையும் சொல்லிவிடுகிறேன். மைலுக்கு 34 சென்ட். அதுவும் இரண்டாம் நாளிலிருந்துதான். சில வருடங்களுக்கு முன்பு வரை கோர்ட்டுக்குப் போகிற தூரத்துக்கு மட்டும்தான் அது கிடைத்தது. ஜூரர்கள் மாலையில் வீட்டுக்கும் திரும்புவார்கள் என்பது அத்தனை காலம் யாருக்கும் தோன்றவில்லை போல. 2022-இல் நீங்கள் கொண்டுவந்த சட்டம் திரும்பி வருகிற தூரத்தையும் சேர்த்தது. நன்றி. அதே சட்டம், ஜூரர் கூலியை உயர்த்தினால் என்ன ஆகும் என்று குறைந்தது ஆறு நீதிமன்றங்களில் சோதித்துப் பார்க்கவும் சொன்னது. மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கலாம். வேலை செய்தவருக்குக் கூலி கொடுத்தால் வருவாரா என்று எத்தனை இடத்தில்தான் சோதிப்பீர்கள்?

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. இந்தப் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், சம்மன் வந்தது என்று யாராவது போட்டால் போதும், உடனே யோசனைகள் கொட்டும். "போலீஸ்காரர் சொல்வதெல்லாம் பொய் என்று சொல்லு", "இங்கிலீஷ் புரியாத மாதிரி இரு", "குற்றவாளிதான்னு முகத்தைப் பார்த்தாலே தெரியுதுன்னு சொல்லிடு". இதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கம்பெனி முழுச் சம்பளம் கொடுக்கிறது! மூன்று வாரம் சம்பளத்தோடு உட்கார்ந்து கேட்கக்கூடியவர்கள் தப்பிக்க வழி தேடுகிறார்கள். உட்கார ஆசைப்படுகிற நாங்கள் படிவத்தை நிரப்பிக்கொடுத்துவிட்டு வெளியே வருகிறோம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் டிஎம்வி பட்டியல் வழியாகச் சம்மன் வந்து, பயந்துபோய் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் சுலபம், குடியுரிமை இல்லை என்று குறித்து அனுப்பினால் போதும்.

ஆமாம், ஆசைப்படுகிறேன் என்றுதான் சொன்னேன். குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தபோது ஒரு கேள்வி இருந்தது. அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய பொறுப்பு ஒன்றைச் சொல்லுங்கள். ஜூரியில் பணியாற்றுவது என்பது சரியான விடைகளில் ஒன்று. குழந்தைகள் மதியம் தூங்கும் நேரத்தில் அதை மனப்பாடம் செய்தேன். தேர்வில் கேட்பதற்கு மட்டும்தான் அந்தப் பொறுப்பு என்றால், அதையும் அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கலாம்.

திருச்சியில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். ஜூரி என்றதும் அவருக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்குதான் ஞாபகம் வந்தது. 1945-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்பது பேர் கொண்ட ஜூரியில் ஆறு பேர் குற்றவாளி என்று சொல்ல, எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள். மேல்முறையீடு லண்டன் வரை போய், 1947-இல்தான் விடுதலையானார்கள். எங்கள் ஊரில் குற்ற வழக்குகளுக்கு ஜூரி என்பதே இப்போது கிடையாது. "ஆறுக்கு மூணும்மா. ரெண்டு பேர் மாறி உட்கார்ந்திருந்தா பாகவதர் கதையே வேற" என்றார் அப்பா. எந்த இரண்டு பேர் உட்காருவார்கள் என்பதை இங்கே ஒரு கூலிப் பட்டியல் முடிவு செய்கிறது. இதை அவரிடம் சொன்னபோது நம்பவில்லை. அமெரிக்காவிலா என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்த கோர்ட் அறையில் நீதிபதிக்குச் சம்பளம் உண்டு. இரண்டு பக்க வக்கீல்கள், எழுத்தர், காவலர், மொழிபெயர்ப்பாளர், வாசலில் பையைச் சோதிக்கிறவர் எல்லோருக்கும் உண்டு. சம்பளமில்லாமல் இருந்தது ஜூரர்களும் குற்றம் சாட்டப்பட்டவனும்தான். எல்லோருக்கும் கொடுத்த பிறகு மிச்சம் இருப்பதை நீதிக்கு ஒதுக்குகிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததை மரியாதையாகவே கேட்கிறேன்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 215-ஆம் பிரிவைத் திருத்துங்கள். முதல் நாளிலிருந்தே, எல்லாக் கவுண்டிகளிலும், நாளுக்கு 100 டாலர் கொடுங்கள். சம்பளம் கிடைக்கிற கம்பெனிக்காரர்கள் அதை வேண்டாம் என்று சொல்லட்டும், செலவு குறையும். முடிந்தால் குழு எண்ணை ஐந்து மணிக்குப் பதிலாக மதியத்திலேயே வெளியிடச் சொல்லுங்கள். அதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. அதையாவது இந்த வருடமே செய்யலாம்.

என் தேதி அடுத்த மாதம் வருகிறது. பெற்றோர்களுக்கு இன்றே சொல்லிவிட்டேன். இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பதில் போடுவதாக இருந்தால் மாலை ஐந்து மணிக்கு முன்பு போடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் டே கேர் நடத்தும் ஒரு குடிமகள்